புது வள்ளத்து மீனை யார் கையில் கொடுப்பது?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெளியே வந்தபோது, சொந்தக்காரப் பையன் ஒருவன் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான். அண்ணன், தம்பி, மச்சான் என்று மூன்று பேர் சேர்ந்து ஃபைபர் வள்ளம் (சிறு மீன்பிடிப் படகு) எடுத்திருக்கிறார்கள். எஞ்சினுக்குப் பணம் கட்டியாயிற்று. வலைக்கு இன்னும் மூன்று லட்சம் வேண்டும்.

"சித்தப்பா, கமிஷன்காரர் நாளைக்கே ரொக்கமா தாரேங்காரு. வட்டி கிடையாதாம். சங்கத்துல லோன் வேணும்னா கொஞ்ச மாசம் மீன் கொடுத்துக் காட்டணுமாம். அம்மை சொல்லுதா, ரெண்டும் வேண்டாம், நானே சந்தைக்குக் கொண்டுபோய் விக்கேன்னு. என்ன செய்யட்டும்?"

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் முதல் இனயம் வரை எந்தக் கரையில் வள்ளம் புதிதாக இறங்கினாலும் இதே கேள்விதான். கரையூர் மீன் விற்பனைச் சங்கம் ஒன்றில் பதினோரு வருடம் நான் கணக்கு எழுதியவன். அதற்கு முன்னால் என் அப்பா கமிஷன்காரரிடம் மீன் கொடுத்ததையும், பாட்டி கடவத்தில் (ஓலைக் கூடையில்) மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களில் விற்றதையும் பார்த்து வளர்ந்தவன். அன்று நின்றபடி அவனுக்குச் சொன்னது போதவில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

இது மூன்று முதல் ஐந்து பேர் போய், அன்றோ மறுநாளோ கரை திரும்பும் வள்ளங்களுக்கானது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகுகளைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது "யாரு கூட விலை தாரா?" என்பதைத்தான். அது நல்ல கேள்விதான், ஆனால் மற்ற ஐந்தையும் கேட்ட பிறகு கேட்க வேண்டியது.

ஏலத்தில் விலை சொல்லும் ஆளுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்களா? நான் முதலில் வைப்பது இதைத்தான். அடுத்தது, மீன் போன நாளிலிருந்து எத்தனை நாளில் பணம் கைக்கு வருகிறது, வாங்கிய வியாபாரி ஏமாற்றினால் அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது என்பது. மூன்றாவது, ஆனி ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் மணலில் கிடக்கும்போது வீட்டு அரிசிக்கு யாரிடம் போவீர்கள். நான்காவது, கடன் என்றைக்காவது தீருமா, தீரும் நாள் கணக்கில் தெரியுமா. ஐந்தாவது கறிமீன். வள்ளத்தில் போனவர்கள் வீட்டுக்கு எடுக்கும் மீன், வலை இழுக்கக் கை கொடுத்தவருக்கும் கரையில் பாத்திரத்தோடு நிற்கும் விதவைக்கும் போடும் மீன், பல ஊர்களில் கோயிலுக்கும் ஊர்ச் செலவுக்கும் போகும் பங்கு எல்லாம் இதில் அடங்கும். ஏலத்துக்கு முன்பே பிரியும் இந்த மீனை "நட்டம்" என்று எழுதும் கணக்கு எனக்குப் பிடிக்காது. நமக்கு உடம்பு முடியாமல் போகும் வருடம் அதே மீன்தான் நம் வீட்டுக்குத் திரும்பி வரும்.

முதல் வழி: முன்பணம் தரும் கமிஷன்காரர்

கமிஷன்காரர் முன்பணம் தருவார். அது நிற்கும் வரை மீனை அவர் வழியாகத்தான் ஏலத்தில் விற்க வேண்டும், விற்பனையில் ஒரு பங்கை அவர் கமிஷனாக எடுப்பார். இதன் பலம் வேகம். இன்று கேட்டால் நாளை பணம். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, அலுவலகத்தில் காத்துக்கிடக்க வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் கதவைத் தட்டலாம். எங்கள் வீட்டிலும் தட்டியிருக்கிறோம், அவர் திறந்துமிருக்கிறார். அதை மறைத்துப் பேசினால் இந்த ஒப்பீடு நியாயமாக இருக்காது.

வட்டி இல்லை என்பது உண்மையா என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஒரு கற்பனை வள்ளத்துக்கு. உங்கள் கரையின் எண்களை வைத்து நீங்களே மறுபடி போடுங்கள்.

ஒரு நாள் மீன் 12,000 ரூபாய்க்குப் போகிறது, வருடத்தில் 200 நாள் தொழில் என்று வைத்துக்கொள்வோம். வருட விற்பனை 24 லட்சம். கமிஷன்காரர் நூற்றுக்கு எட்டு எடுக்கிறார் என்றால் 1,92,000. சங்கம் நூற்றுக்கு மூன்று என்றால் 72,000. வித்தியாசம் 1,20,000. மூன்று லட்சம் முன்பணத்துக்கு வருடம் 1,20,000 கூடுதலாகக் கொடுத்தால், அது நூற்றுக்கு நாற்பது வட்டி. "வட்டி கிடையாது" என்ற பேச்சுக்குள் இருப்பது இவ்வளவு.

இன்னும் முடியவில்லை. கடன்பட்டவனுடைய மீன் ஏலத்தில் கொஞ்சம் சீக்கிரமாக முடிந்துவிடும். இரண்டு பேர் கேட்ட விலையிலேயே மீன் போய்விடும், மூன்றாவது ஆள் வாய் திறக்குமுன் மீன் வைத்த சருவம் (அகன்ற பாத்திரம்) நகர்ந்திருக்கும். இப்படி விலையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் இன்னொரு 1,20,000. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு எண்பது. இவ்வளவு கொடுத்த பிறகும் வருடக் கடைசியில் முன்பணம் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் வைத்தால்தான் வேறு ஆளிடம் போகலாம். அந்த மொத்தத் தொகை எந்த மீனவன் கையில் சேரும்?

என் அப்பாவின் நோட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. நாற்பதாயிரத்தில் தொடங்கிய முன்பணம் பத்து வருடம் கழித்து அறுபத்தைந்தாயிரமாக நிற்கிறது. இடையில் அவர் விற்ற மீன் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது நம் கரையில் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. இன்று கனடாவோடு இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் காட் மீன் பிடித்தவர்கள் பல தலைமுறை இப்படித்தான் வாழ்ந்தார்கள். வசந்தத்தில் வணிகர் வலை, உப்பு, மாவு, தேயிலை எல்லாம் கடனாகக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் உப்பிட்டுக் காய்ந்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். மாவின் விலையையும் அவரே சொல்வார், மீனின் விலையையும் அவரே சொல்வார். காசைக் கண்ணால் பார்க்காமல் வயதான மீனவர்கள் அங்கே நிறையப் பேர். 1908-ல் வில்லியம் கோக்கர் அங்கே மீனவர் சங்கம் தொடங்கியபோது, நல்ல விலை கேட்டுப் போராடியதோடு நிற்கவில்லை. சங்கத்துக்கென்று சொந்தக் கடைகளையும் திறக்க வைத்தார். கடனும் விற்பனையும் ஒரே கையில் இருக்கும் வரை விலை பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, எப்போது கமிஷன்காரர்தான் சரியான வழி? உங்கள் ஊரில் உயிரோடு இருக்கும் சங்கமே இல்லை என்றால். அல்லது வள்ளத்தை விட்டு ஆழ்கடல் விசைப்படகுக்குப் போகிறீர்கள் என்றால். தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் சுறாவும் சூரையும் தேடிப் போய் மீனைக் கொச்சியில் இறக்குகின்றன. ஒரு தடவை கடலுக்குப் போக டீசல், ஐஸ், உணவு என்று ஆகும் செலவை ஊர்ச் சங்கத்தால் தாங்க முடியாது. அங்கே தரகர் பணம் இல்லாமல் படகு நகராது. ஆனால் அவர்களும் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்த 2021-ல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே மீன் இறக்குபவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கணக்குப் பேச வேண்டும்.

இரண்டாவது வழி: விற்பனைச் சங்கம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அரசு மீன்வளத் துறையின் கீழ் உள்ள மீனவர் கூட்டுறவு சங்கம் வேறு. சேமிப்பு நிவாரணம் போன்ற திட்டங்களுக்கு அதில் பெயர் இருக்க வேண்டும், அதை விடாதீர்கள். நான் சொல்வது கரையில் மீனை ஏலம் போடும் சங்கம். எழுபதுகளில் இங்கேயும் திருவனந்தபுரம் கரையிலும் வளர்ந்த இந்தச் சங்கங்கள்தான் 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. வள்ளமும் வலையும் வைத்துக் கடலுக்குப் போகிறவர்களே உறுப்பினர்கள்.

வேலை நடக்கும் விதம் இப்படி. வள்ளம் கரையேறியதும் சங்க ஊழியர் மீனை ஏலம் போடுவார். வாங்கிய வியாபாரியிடம் பணம் வசூலிப்பது சங்கத்தின் பொறுப்பு. வியாபாரி இழுத்தடித்தாலும் உங்களுக்கு வர வேண்டியது வரும். அன்றைய விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு சங்கச் செலவுக்கு, இவ்வளவு உங்கள் சேமிப்புக்கு, கடன் இருந்தால் இவ்வளவு கடனுக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது கடன் பிடிக்கும் விதம். மீன் கூடுதலாக விழுந்த நாளில் கடன் வேகமாகக் கழியும். மீன் இல்லாத நாளில் தவணை இல்லை. வங்கிக்கு மாதம் ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான், கடல் நம் தேதிக்கு மீன் தராது. இந்தச் சின்ன ஏற்பாட்டை யோசித்தவர்கள் மீனவனின் வருமானம் எப்படி வரும் என்று கரையில் நின்று பார்த்தவர்கள்.

நார்வேயில் இதை நாட்டின் சட்டமாகவே ஆக்கினார்கள். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் ஒரு காலத்தில் துறையும், தங்கும் குடிசையும், கரை நிலமும் ஒரே முதலாளியுடையவை. அவரிடம்தான் மீனை விற்க வேண்டும். 1930-களில் விலை அடியோடு விழுந்தபோது மீனவர்கள் திரண்டார்கள். 1938-ல் வந்த சட்டம், பிடித்த மீனின் முதல் விற்பனை மீனவர்களின் சொந்த விற்பனை அமைப்பு வழியாகவே நடக்க வேண்டும் என்றது. குறைந்தபட்ச விலையையும் அந்த அமைப்பே நிர்ணயிக்கும். அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. இதே நார்வே 1950-களில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கி, எஞ்சின் படகும் ஐஸ் ஆலையும் கொண்டுவந்தது. படகு வந்தது, ஐஸ் வந்தது, அவர்கள் நாட்டு மீனவனைக் காப்பாற்றிய அந்த விற்பனைச் சட்டம் மட்டும் அவற்றோடு வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் பொங்கும்.

இனி சங்கத்தின் மறைவான செலவுகள். பதினோரு வருடம் உள்ளே இருந்தவன் என்பதால் கூசாமல் சொல்கிறேன்.

சங்கத்தில் சேர்ந்தவுடன் பெரிய கடன் கிடைக்காது. சில மாதம் ஒழுங்காக மீன் கொடுத்துக் காட்ட வேண்டும். வள்ளம் கடன் வாங்கியே இறங்கியிருக்கும்போது இந்தக் காத்திருப்பு உயிரை எடுக்கும். அடுத்து, எல்லா மீனையும் சங்கம் வழியாகத்தான் விற்க வேண்டும் என்பதும் ஒரு கட்டுதான். பக்கத்துக் கரையில் சாளைக்கு (மத்தி மீனுக்கு) இரண்டு மடங்கு விலை என்று போன் வந்தாலும் போக முடியாது. சிலர் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் விற்பார்கள். அப்படி நாலு பேர் செய்தால், மீன் குறைந்து பெரிய வியாபாரிகள் அந்தக் கரைக்கு வருவதை நிறுத்துவார்கள், அதோடு ஏல விலையும் விழும். நான் பார்த்த ஒரு சங்கம் இப்படித்தான் இரண்டே வருடத்தில் படுத்தது. இன்னொரு இடத்தில் செயலாளர் தனக்கு வேண்டிய வியாபாரிக்கு எல்லை மீறிக் கடன் விட்டார். செயலாளர் போய்விட்டார், பாக்கி சங்கத்தில் நின்றது. அதனால் சங்கம் என்ற பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பொதுக்கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, வியாபாரிகள் பாக்கி எவ்வளவு, எத்தனை வள்ளம் போன மாதம் மீன் கொடுத்தது என்ற மூன்றையும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் நோட்டை எடுத்து வைத்தால் அது நல்ல சங்கம்.

மூன்றாவது வழி: வீட்டுப் பெண்கள் கையில்

அந்தப் பையனின் அம்மா சொன்னதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் பாட்டிக்கு இரணியல் பக்கம் மூன்று ஊர்களில் நிலையான வீடுகள் இருந்தன. அறுப்புக் காலத்தில் நெல், மற்ற நாளில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய், சில வீடுகளில் காசு. மீன் இல்லாமல் வெறும் கடவத்தோடு போன நாளிலும் மரச்சீனி போட்டு அனுப்பிய வீடுகள் உண்டு. "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பதுதான் கணக்கு நோட்டு. நெல்லுக்கு உப்பு மாற்றிய உமணர் காலத்திலிருந்து கடற்கரையும் வயலும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று ஊட்டி வந்திருக்கின்றன.

பசிபிக் கடலில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நூறு வருடத்துக்கு முன் இதே உறவு இருந்தது. உள்நாட்டு ஊரார் அறுப்பில் வள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து கரையூர்க் கூட்டாளி வீட்டு முன் வைப்பார்கள். கரையூரார் பிறகு மீனால் திருப்புவார்கள். பேரம் கிடையாது, கூட்டாளி மாறுவதும் கிடையாது. பேரம் பேசும் மாற்று வியாபாரம் அவர்களிடம் தனியாக இருந்தது, அதை இதோடு கலக்கமாட்டார்கள். வெள்ளைக்கார வணிகர்கள் முத்துக் குளிக்கக் கூப்பிட்டு, மீன்பிடிப்பைவிடக் கூடுதலாகத் தந்த காலத்திலும், கிழங்கு தந்தவருக்கு மீன் கொடுக்க வேண்டிய நாள் வந்தால் முத்தை விட்டுவிட்டு வலையோடு போய்விடுவார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது.

இன்றைக்கு இந்த வழி வேறு உருவத்தில் இருக்கிறது. தக்கலையிலும் நாகர்கோவிலிலும் குடியிருப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் "இன்னைக்கு அயிலை, நெத்திலி" என்று படம் அனுப்பி விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கரை விலைக்கும் வீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வீட்டுக்கே வரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் கடல் இடம் கொடுத்து வள்ளம் போய்வந்தால், அந்தப் புது மீனுக்கு வீட்டு வாசலில் கேட்கிற விலை கிடைக்கும்.

ஆனால் செலவை யாரும் எழுதுவதில்லை. அம்மாவின் காலை நாலு மணி, ஐஸ், ஆட்டோ, வெட்டிக் கொடுக்கும் நேரம், மிஞ்சிய மீன். பேருந்தில் ஏறலாம் என்று சொல்வது சுலபம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள், நாடே பார்த்தது. அம்மாவுக்கு ஒரு பங்கு என்று கணக்கில் எழுதாமல் இந்த வழியை லாபம் என்று சொல்வது அவர் உழைப்பைத் திருடுவதற்குச் சமம். அப்புறம், ஒரு நாள் 300 கிலோ சாளை விழுந்தால் எந்தச் சருவத்தாலும் தாங்காது. இந்த வழி அளவு குறைந்த, வகை நல்ல மீனுக்கு.

நான்காவது வழி: துறைமுகத்தில் அன்றன்று ஏலம்

யாருக்கும் கட்டுப்படாமல் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ முட்டத்திலோ இறக்கி அன்றைய விலைக்கு விற்பது. கடன் இல்லாதவருக்கு இது நல்ல வழி. கணவாய், நெய்மீன், இறால் போன்ற ஏற்றுமதி மீனுக்குக் கம்பெனி ஏஜெண்டுகள் போட்டி போடும்போது விலை ஏறும். ஆனால் போட்டி இல்லாத நாளில் விழும் விலையைத் தாங்க ஆள் கிடையாது, வள்ளம் மணலில் கிடக்கும் மாதத்தில் உதவிக்கும் ஆள் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஒரே பார்வையில்

| | கமிஷன்காரர் | விற்பனைச் சங்கம் | வீட்டுப் பெண்கள் | துறைமுக ஏலம் |
|---|---|---|---|---|
| தொடக்கப் பணம் | உடனே | சில மாதம் கழித்து | இல்லை | இல்லை |
| விலை | கடன் உள்ளவரை அடங்கும் | ஏல விலை | கூடுதல், அளவு குறைவு | ஏறி இறங்கும் |
| வியாபாரி ஏமாற்றினால் | பேச்சைப் பொறுத்தது | சங்கத்தின் பொறுப்பு | கையில் காசு | உங்கள் நட்டம் |
| தொழில் இல்லாத மாதம் | மேலும் முன்பணம் | சேமிப்பு, சிறு கடன் | பழகிய வீடுகள் | யாரும் இல்லை |
| கடன் தீரும் நாள் | தெரியாது | கணக்கில் தெரியும் | கடன் இல்லை | கடன் இல்லை |
| கறிமீன் | ஆளைப் பொறுத்தது | தடை இல்லை | தடை இல்லை | தடை இல்லை |

அந்த மூன்று பையன்களுக்கு

அவர்கள் ஊரில் சங்கம் நன்றாக நடக்கிறது, எனக்கு நேரில் தெரியும். அதனால் நான் சொல்வது இது. மூன்று லட்சம் வலையை ஒரே நாளில் வாங்க வேண்டாம். இப்போதைக்கு நெத்திலி வலையும் சாளை வலையும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குங்கள். அம்மாவின் நகைக்கு வங்கியில் கடன் எடுத்தாலும் பரவாயில்லை, அந்த வட்டியும் தவணையும் கண்ணுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே மீனைச் சங்கத்தில் கொடுங்கள். பெரிய வலைக்குக் கடன் கேட்கும்போது உங்கள் மீன் கணக்கே ஜாமீனாக நிற்கும். சேரும்போதே ஒன்றை மட்டும் பேசி எழுதி வாங்குங்கள். தினம் ஒரு சருவம் மீன் அம்மா விற்க எடுத்துக்கொள்வார் என்பது. பல சங்கங்கள் இதற்குச் சம்மதிக்கும். அதில் வரும் பணம் அம்மாவின் கணக்கில் போகட்டும், வள்ளச் செலவில் சேர்க்காதீர்கள்.

கமிஷன்காரரிடம் போய்த்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, கமிஷன் நூற்றுக்கு எவ்வளவு, தினமும் எவ்வளவு முன்பணத்தில் கழியும், கழிந்த பிறகு வேறு இடத்தில் விற்கத் தடை இல்லை. அவரும் நம் ஊர்க்காரர்தான், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது வரியை எழுத மாட்டேன் என்று சொன்னால், அந்த ரொக்கத்தை எண்ணாமல் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு நான் உங்கள் கரைக்கு வருகிறேன். சங்கத்தில் மீன் கொடுக்கும் இரண்டு வள்ளம், கமிஷன்காரரிடம் கொடுக்கும் இரண்டு வள்ளம், நாலு பேரின் போன வார நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.